பாலிமர் கைத்துப்பாக்கி: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

அந்தமானில் குடியிருப்போருக்கு இரும்பின் அற்பாயுளைப் பற்றி எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுவதும், தென்மேற்கும் வடகிழக்குமாகிய இரு பருவக்காற்றுகளும் முறைவைத்து ஆட்சி செய்வதும், மழையில்லாத நாளிலும் கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து கூரைத் தகட்டிலும் கதவுக் கீலிலும் ஸ்கூட்டரின் சக்கரக் கம்பியிலும் படியவிடுவதும் அங்கே நித்திய காரியங்களாதலால், துருப்பிடிக்காத பொருள் எதுவாயினும் அதன்மீது தீவுவாசிக்கு ஒரு தனி மரியாதை ஏற்பட்டுவிடுகிறது. பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுடும் கலையில் ஆசை வைத்தவர்களிடம் அம்மரியாதை, 'பாலிமர் உடல் கொண்ட பிஸ்டலே நம் ஊருக்கு உகந்தது. அது துருப்பிடிக்காது, இலேசானது, கையை உதைக்காது, குறி தப்பாது' என்னும் சித்தாந்தமாகவே திரண்டுவிட்டது. இச்சித்தாந்தத்தில் கால்பங்கு உண்மை இருக்கிறது. அந்தக் கால்பங்கே மற்ற முக்கால்பங்கையும் நம்பவைத்துவிடுகிறது. உடல் எதனால் ஆனது என்பது துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவன் கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்பதினால்தான் குழப்பமெல்லாம் விளைகிறது என்பது என் கட்சி.

முதற்கேள்வி சட்டத்தைப் பற்றியது. சுவையற்ற விஷயமானாலும் இதை முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. உலகெங்கும் பாலிமர் பிஸ்டல் என்ற மாத்திரத்தில் ஜனங்களின் மனக்கண்ணில் தோன்றுவது ஆஸ்திரியாவின் கிளாக் 17. அது 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடுவது. அந்த 9 மில்லிமீட்டர் நம் நாட்டில் படைகளுக்கும் போலீசுக்கும் உரிய தோட்டாவாதலால், சாதாரணக் குடிமகனுக்கு அது தடை செய்யப்பட்ட அளவு. கிளாக் நிறுவனம் தமிழ்நாட்டுக் கம்பெனி ஒன்றோடு கூடி இங்கேயே பிஸ்டல் செய்ய ஏற்பாடு செய்தது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு முன் வந்தபோது, 'இனி நாமும் வாங்கலாம்' என்று உவகை கொண்டவர்கள் உண்டு. செய்யுமிடம் திருவள்ளூரானாலும் வியன்னாவானாலும் தோட்டாவின் அளவு மாறுவதில்லை. ஆகவே சட்டமும் மாறுவதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதன் கீழ் 2016இல் வந்த விதிகளும், 2019இல் செய்த திருத்தமும் சேர்ந்து இன்று சொல்வது சுருக்கமாக இது: இருபத்தொரு வயது நிரம்பியவர், காரணம் காட்டி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று பெற்று, மாவட்ட ஆட்சியதிகாரியிடம் லைசென்ஸ் வாங்கவேண்டும்; ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது, தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு; கைத்துப்பாக்கியில் குடிமகனுக்குப் பெரும்பாலும் கிட்டுவன .32, .22 ஆகிய அளவுகளே. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைத் தனிமனிதர் தருவித்துக்கொள்ளும் வழியோ 1980களிலேயே அடைபட்டுவிட்டது. தாத்தா காலத்து ஜெர்மன் பிஸ்டல் ஒன்று இன்று லட்சக்கணக்கில் விலைபோவதற்கு அந்தத் தடையே காரணம். அதன் குழலுக்குள் ஏதோ தெய்வாம்சம் குடிகொண்டிருப்பதனால் அன்று.

இந்தச் சட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. அதை அறிந்தோர் சிலரே. மத்திய அரசு அங்கீகரித்த துப்பாக்கிக் கழகத்தின் உறுப்பினர், குறிப்பயிற்சிக்காக .22 ரைபிளோ காற்றுத் துப்பாக்கியோ கேட்டால் லைசென்ஸ் வழங்குவதற்கென்றே ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் தனி வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. பொழுதுபோக்குச் சுடுதலைச் சட்டம் வெறுக்கவில்லை. அதற்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அவ்வாசல் கழகத்தின் வழியாகத்தான் இருக்கிறது என்பதைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை.

இனிப் பாலிமரைப் பற்றிய ஒரு பயத்தைப் பார்ப்போம். 'பாலிமர் துப்பாக்கி விமான நிலையத்துச் சோதனைக் கருவியில் தெரியாது' என்ற பேச்சைத் தீவின் வீர சாவர்க்கர் விமான நிலையத்தின் வரிசையில் நின்றுகொண்டே சொல்லத் துணிபவர்கள் இருக்கிறார்கள். இக்கதைக்கு வயது ஏறக்குறைய நாற்பது. பாலிமரை உடலாகக் கொண்ட பிஸ்டலை முதன்முதலில் சந்தைக்குக் கொணர்ந்தது கிளாக் அன்று. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970இலேயே விபி70 என்ற ஒன்றை வெளியிட்டிருந்தது. அதற்கும் முன்னால், 1959இல், அமெரிக்காவின் ரெமிங்டன் நைலான் உடலோடு ஒரு .22 ரைபிளை விற்கத் தொடங்கியது. ஆயினும், திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக் என்பவரின் பிஸ்டலை 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் உலகம் இவ்விஷயத்தைக் கவனித்தது. 1986இல், லிபியாவின் கடாபி இத்தகைய பிஸ்டல்களை வாங்க முயல்வதாகவும் அவை சோதனைக்குத் தப்பக்கூடியவை என்றும் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதப்பட்டது பெரும் பரபரப்பாயிற்று. 1988இல் கண்டறிய இயலாத ஆயுதங்களுக்கு எதிராக அங்கே ஒரு சட்டமும் பிறந்தது. 1990இல் வந்த 'டை ஹார்ட் 2' திரைப்படத்தில் பீங்கானால் செய்த கிளாக் என்று கதாநாயகன் பேசியது இப்பிரமைக்கு நிரந்தர ஆயுள் கொடுத்துவிட்டது. உண்மையோ மிகச் சாதாரணமானது. கிளாக்கின் குழலும், மேலே முன்பின் ஓடும் ஸ்லைடும், சுருள்வில்லும், ஊசியும் எஃகு. எடையில் பெரும்பங்கு அந்த எஃகே. போதாக்குறைக்குத் தோட்டாக்கள் பித்தளையும் ஈயமும். எக்ஸ்ரே திரையில் அது துப்பாக்கியாகவே தெரியும்.

அடுத்தது உதையைப் பற்றிய நம்பிக்கை. பாலிமர் சிறிது வளைந்துகொடுத்து உதையை உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். வளைவது உண்மை; ஆனால் குண்டு முன்னே பெற்ற உந்தத்தைத் துப்பாக்கி பின்னே பெற்றாகவேண்டும் என்ற நியூட்டனின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது; உடல் இலேசாக இலேசாக அது பின்னோக்கி ஓடும் வேகம் அதிகமாகும். எனவே, ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் இலேசானதே அதிகமாக உதைக்கும். உதையை நிர்ணயிப்பதில் உடலைக் காட்டிலும் தோட்டாவுக்கே முதன்மை. .32 பிஸ்டல் தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 4.6 கிராம் எடையோடு விநாடிக்கு 275 மீட்டர் அளவில் செல்வது. 9 மில்லிமீட்டர் குண்டோ 8 கிராம் எடையோடு 350 மீட்டர் அளவில் பாய்வது. பெருக்கிப் பார்த்தால் முன்னதன் உந்தம் பின்னதில் பாதிக்கும் குறைவு என்பது விளங்கும். நம் சட்டம் நமக்கு விட்டுவைத்திருக்கும் அளவுகள், உதையைப் பொறுத்தவரையில், பயிலுவோனுக்கு அனுகூலமானவையே. அதற்குப் பாலிமரின் தயவு வேண்டியதில்லை.

இலேசு என்பதை ஒரு குணமாக எண்ணுவதே இங்கே மயக்கத்தின் மூலம். 2014இல் கான்பூர் ஆயுத ஆலையிலிருந்து 'நிர்பீக்' என்ற பெயரில் வந்த .32 ரிவால்வர் சுமார் 500 கிராம் எடையே கொண்டது. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்வதற்கென்று செய்த ஆயுதத்துக்கு அது உசிதம். ஆனால் நாள்முழுதும் இடுப்பில் சுமப்பவனின் தேவை வேறு, ஒருமணி நேரம் சுடுதளத்தில் நின்று ஐம்பது தடவை குறிபார்ப்பவனின் தேவை வேறு. பின்னவனுக்குக் கனம் பகையன்று, துணை. கையின் நடுக்கத்தைக் கனம் தணிக்கிறது. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலுக்கு 1500 கிராம் வரையும், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1400 கிராம் வரையும் விதி அனுமதிக்கிறது; அவ்வரம்புக்குள் தங்கள் கைக்கு ஒத்த கனத்தைப் பெறுவதற்காக வீரர்கள் சிறு எடைகளைச் சேர்த்துச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற கருவியைக் கண்டவர்களுக்கு நினைவிருக்கும்: கைவிரல்களின் வரம்புக்கேற்பக் கடைந்தெடுத்த பிடியும், நீண்ட காற்றுருளையும் கொண்டு, இடுப்பு உறையில் நுழையவே நுழையாத வடிவம். அதற்கும் போலீஸ்காரரின் பாலிமர் பிஸ்டலுக்கும் உள்ள சம்பந்தம் பந்தயக் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் உள்ளது போன்றதுதான்.

'ஆனாலும் குறி நன்றாக விழுமே' என்பார் விடாப்பிடியானவர். குறி எங்கே பிறக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். முன்குறியும் பின்குறியும் பெரும்பாலான பாலிமர் பிஸ்டல்களில் எஃகு ஸ்லைடின் மேல் இருக்கின்றன. குழலும் அதே ஸ்லைடோடுதான் பூட்டிக்கொள்கிறது. ஆகவே குறியும் குழலும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதில் கீழேயுள்ள உடலுக்குப் பங்கு சொற்பம். பாலிமர் குறியைக் கெடுக்கும் என்பதும் பொய், திருத்தும் என்பதும் பொய். கெடுப்பது விரல். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே பதினாறு சென்டிமீட்டர் அளவுள்ள பிஸ்டலில், விசையை இழுக்கும் கணத்தில் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தூரத்திலுள்ள இலக்கில் குண்டு பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி விழும். அந்த இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ ஐந்தே சென்டிமீட்டர். 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலின் பத்துப் புள்ளி வட்டம் இன்னும் சிறிது, 11.5 மில்லிமீட்டர். இப்படிப்பட்ட கணக்கில், விசை எவ்வளவு கனமாக, எவ்வளவு தூரம், எவ்வளவு சீராக நகர்கிறது என்பதே சர்வ பிரதானம். ஒலிம்பிக் காற்றுப் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம் என்று விதி. கிளாக் போன்ற பணித் துப்பாக்கியின் விசையோ இரண்டரைக் கிலோ அளவில் வைக்கப்படுவது. அவசரத்தில் தவறிச் சுட்டுவிடாமலிருக்க அந்தக் கனம் நியாயமே. ஆனால் புதிதாகப் பயிலும் ஒருவன் இரண்டரைக் கிலோவை ஒற்றை விரலால் இழுக்கும்போது குறி அசையாமல் இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது, அவனிடம் அளவுக்கு மீறிய தவத்தைக் கேட்பதாகும்.

நடிகர் அஜித்குமார் 2021இல் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் ஆறு பதக்கங்களும், மறு ஆண்டு திருச்சியில் மேலும் சில பதக்கங்களும் வென்ற செய்தி தமிழ் கூறும் இடமெங்கும், கடல் கடந்து தீவிலும், இவ்விளையாட்டின்மீது ஒரு புதிய மோகத்தை உண்டாக்கிற்று. நல்லதுதான். ஆனால் அவர் சென்னை ரைபிள் கிளப்பில் பழகி, போட்டிக்குரிய பிஸ்டல்களால் பெற்றவை அப்பதக்கங்கள். வெள்ளித்திரையில் அவர் கையிலிருக்கும் கறுப்புப் பிஸ்டலால் பெற்றவையல்ல. ரசிகர்களில் பலருக்கு இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இப்போது தீவின் பிரதான வாதத்துக்கு வருகிறேன்: துரு. பாலிமர் துருப்பிடிக்காது என்பது அட்சரலட்சம் பெறும் உண்மை. ஆனால் துப்பாக்கியில் துருப்பிடிக்கக்கூடிய பாகங்கள் எவையென்று கேட்டால், எவை சுடுகின்றனவோ அவையே என்று விடை வரும். குழலின் உட்புறம், ஸ்லைடின் தடம், சுருள்வில்கள், சிற்றூசிகள், மேகசின் என்னும் தோட்டாக் கூட்டின் உதடுகள் என்று எஃகான ஒவ்வொன்றும் உப்புக்காற்றுக்கு இரைதான். நல்ல நிறுவனங்கள் ஸ்லைடையும் குழலையும் நைட்ரஜன் ஏற்றிக் கடினப்படுத்தித் துருவுக்கு ஈடுகொடுக்கச் செய்கின்றன. அந்தப் பதப்படுத்தலுக்கும் உடல் பாலிமராக இருப்பதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. எஃகு உடலுக்கும் அதைச் செய்யலாம். பாலிமர் உடலின்மேல் மலிவான ஸ்லைடை வைத்து விற்கவும் செய்யலாம். சோம்பேறிக்குப் பாலிமரால் ஒரு தீங்கும் உண்டு. வெளியுடல் எப்போதும் புதிதுபோல் பளிச்சென்றிருப்பதனால் உள்ளே வில்லில் செம்புள்ளி விழுந்திருப்பதை அவன் பார்ப்பதேயில்லை. எஃகுத் துப்பாக்கி தன் நோயை முகத்திலேயே காட்டிவிடும்.

பாலிமர் என்பதும் கடவுள் படைத்த தனிப்பொருளன்று. பெரும்பாலும் நைலான் வகையைச் சேர்ந்தது. நைலானுக்கு ஒரு சுபாவம் உண்டு: அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கலப்பில்லாத நைலான் 6 நீரில் ஊறித் திகட்டும்போது தன் எடையில் ஒன்பது சதவீதம் அளவுக்கு நீரை ஏற்கவல்லது. ஈரமான காற்றில் வெறுமனே கிடந்தாலும் ஓரிரு சதவீதத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளும். ஈரம் ஏறிய நைலான் சற்றே பருத்து, விறைப்பைச் சிறிது இழந்து, பதிலாக அடிதாங்கும் உறுதியைக் கூட்டிக்கொள்கிறது. கண்ணாடி இழை கலந்து வார்ப்பதால் இம்மாறுதல் வெகுவாகக் குறைகிறது. ஸ்லைடு ஓடும் தடங்களில் எஃகுத் துண்டுகளைப் பதிப்பதால் ஓட்டம் கெடுவதில்லை. ஆகவே 'மழைக்காலத்தில் பாலிமர் ஊறிப்போய்ச் சிக்கிக்கொள்ளும்' என்ற எதிர்த்தரப்பு வதந்தியும் நம்பத்தக்கதன்று. வெயிலில் உருகும் என்பதும் அப்படியே: நைலான் 6 உருக 220 டிகிரி வெப்பம் வேண்டும், பூட்டிய காரின் உட்புறம் அதில் மூன்றிலொரு பங்கைத் தொடுவதும் அரிது. சூரிய ஒளியால் வெளுத்து நொறுங்காதிருக்கக் கரித்தூள் கலக்கிறார்கள்.

துப்பாக்கியைத் தீவில் கெடுப்பது காற்றைக் காட்டிலும் அதை வைக்கும் முறை. அழகான தோலுறையில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பவர்கள், தோல் ஈரத்தையும் பதனிட்ட ரசாயனத்தையும் தன்னுள் வைத்துக்கொண்டு இரவும் பகலும் எஃகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பதை அறியார்கள். பஞ்சு மெத்தையிட்ட பெட்டியும் ஈரத்தை விடாது. சுட்டு முடித்த அன்றே வியர்வையைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் மெல்லிய படலமாகத் தடவி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்து, ஜெல்லை அவ்வப்போது காயவைப்பது போதுமானது. எண்ணெயை ஆறாக ஊற்றினால் அது ஊசித்தடத்தில் தேங்கி அழுக்கைச் சேர்க்கும். தோட்டாவின் அடிமருந்துக்குள் கசிந்து அதை ஊமையாக்கவும் கூடும். பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதைச் சுடாமல் ஒப்படைத்துவிடுவதே விவேகம்.

காற்றுத் துப்பாக்கி ஒரு விளையாட்டுச் சாமான் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் தீவுவாசிக்கு உண்மையில் எளிதாகக் கிட்டக்கூடியது அதுதான். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் விட்டமும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக் காற்றுப் பிஸ்டல் வெளியிடுவது ஏழு ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலே. எனவே உலகத்தரமான கருவியொன்றே இந்த விலக்குக்குள் அடங்குகிறது. கடைகளில் கிளாக் போன்ற வடிவத்தில், பாலிமர் உடலோடு, கரியமில வாயு உருளையால் இயங்கும் காற்றுப் பிஸ்டல்களும் கிடைக்கின்றன. தோற்றத்தில் மயங்கி அதை வாங்குபவர்கள் ஒன்றை அறியவேண்டும். அவ்வாயுவின் அழுத்தம் வெப்பத்தைப் பின்பற்றி ஏறி இறங்குவது. 20 டிகிரியில் 57 மடங்கு வளியழுத்தம் என்றால் 30 டிகிரியில் எழுபதைத் தாண்டும். வேகமாகச் சுடச்சுட உருளை குளிர்ந்து அழுத்தம் சரியும். ஆகவே நண்பகலில் ஓரிடத்திலும், பத்துக் குண்டு கழித்து வேறிடத்திலும் குறி விழும். அழுத்திய காற்றில் இயங்கும் போட்டிப் பிஸ்டலில் இத்தொல்லை இல்லை. விளையாட்டுச் சாமான் என்ற சொல்லுக்குத் தீவின் சரித்திரமே மறுப்பு கூறும்: 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கிய சில நாட்களில், சிப்பாய்களின் அட்டூழியம் பொறாத சுல்பிகார் அலி என்ற இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் அவர்களை நோக்கிச் சுட்டார், எவருக்கும் காயமில்லை, ஆனாலும் அவரைப் பிடித்துக் கைகளை முறித்து மக்கள் முன்னிலையில் சுட்டுக்கொன்றார்கள். எதிரே நிற்பவர் காற்றையும் மருந்தையும் பிரித்தறிந்துகொண்டிருப்பதில்லை. உண்மைப் பிஸ்டலைப் போன்ற உருவமுள்ள எதையும் வீதியில் எடுத்துச் செல்லாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே போதிய காரணம்.

ஆகவே ஆசைப்பட்டவர்கள் செய்யத்தக்கது, கருவியை வாங்குவதற்கு முன்னால் ஒரு கழகத்தைச் சேர்ந்து, அதன் துப்பாக்கிகளால் சில மாதமேனும் சுட்டுப் பார்ப்பதுதான். 1951இல் சபாநாயகர் மாவலங்கரைத் தலைவராகக் கொண்டு தோன்றிய தேசிய ரைபிள் சங்கத்தின் கீழ் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி முதலிய ஊர்களில் கழகங்கள் இருக்கின்றன. ஊருக்கு வந்துபோகும் தீவுத் தமிழர்களுக்கு அவை எட்டாதவையல்ல. காற்றுப் பிஸ்டலில் தொடங்கி, .22க்குப் போய், அதன் பிறகும் ஆசை தணியாவிட்டால் .32ஐப் பற்றி யோசிக்கலாம். அப்போது பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறதா, விசை சீராக இருக்கிறதா, உதிரி வில்லும் தோட்டாக் கூடும் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, உடல் பாலிமரா எஃகா என்பதை உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன்.

கடலைக் கடந்து துப்பாக்கியை எடுத்துச் செல்வதானால், லைசென்ஸில் எழுதியுள்ள எல்லை தீவையும் பெருநிலத்தையும் சேர்த்தே குறிக்கிறதா என்பதை முன்கூட்டி மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். விமானத்தில் துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, முன்னறிவித்து, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் மட்டுமே அனுப்பலாம். கைப்பையின் மூலையில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் உங்களைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.